நாற்பதாவது நிமிடத்தில் ஒரு திருடி

காலை ஏழு மணி. சுருளிப்பட்டியில் முத்துப்பேச்சியின் வீட்டுக் கதவில் சாணி அடித்திருந்தார்கள். எட்டு மணிக்குத் திராட்சை வெட்ட ஆள் ஏற்றும் வேன் அவளை ஏற்றாமலே போனது. ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஓவியா வந்தாள். சாயங்காலத்துக்குள் முத்துப்பேச்சியைக் கைது செய்ய வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். 'கொடிவீடு' சீரியலின் கடைசி சீசனை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் ஆவணப்படம் போன வாரம் யூடியூபில் வந்தது. அதன் நாற்பதாவது நிமிடத்தில் கதாநாயகி அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். போன வருடம் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் எடுத்த கடைசி நாள் காட்சிக்காகக் கழற்றி மேஜையில் வைத்த அவளுடைய தங்கச் சங்கிலி காணாமல் போனதாம். "டீ கொண்டு வந்த பொண்ணையே நம்ப முடியல" என்கிறாள். அந்த வரிக்கு முத்துப்பேச்சியின் முகத்தைத் திரை நிறையக் காட்டுகிறார்கள். மங்கலாக்கக்கூட இல்லை. அடுத்து, ஊர் ஆட்களை வரிசையில் நிறுத்தி மடியையும் கொண்டையையும் உதறச் சொல்கிறார்கள். அதற்குக் கோமாளி இசை வேறு.

'கொடிவீடு முடிஞ்சு போச்சே' என்று கீழே அழுது எழுதியவர்கள் அதே மூச்சில் 'அந்தத் திருடியை உள்ளே தள்ளு' என்று எழுதினார்கள். ரியாக்‌ஷன் வீடியோ போட்டவர்கள் அவள் முகத்தில் படத்தை நிறுத்திவைத்துச் சிரித்தார்கள். ஒரு வருடம் தூங்கிய கம்பெனிக்குத் திடீரென ரோஷம் வந்தது. தயாரிப்பு மேலாளர் வினோத்ராஜ் சென்னையிலிருந்து வந்து புகார் கொடுத்தார்.

"நீ எடுத்தியா?" என்றாள் ஓவியா.

"எடுத்திருந்தா இந்த ஓட்டை வீட்டுலயா கிடப்பேன்? கேக்க வந்துட்டீக."

"மேஜைகிட்ட யாரு யாரு வந்தாக?"

"நான் டீ வச்சேன். தோட்டத்துக்கார மொக்கைச்சாமி மாமா அங்கன நின்னாக. அந்த மேனேஜரும் நின்னான். வேற ஆளே வரல."

புகாரிலும் இந்த மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"மேனேஜரைச் சோதிச்சாகளா?"

"அவந்தான் மொதல்ல பைய வெளிய இழுத்துக் காட்டுனான். சட்டையக்கூடக் கழட்டுனான், பெரிய யோக்கியனாட்டம். பெறகுதான் எங்க கொண்டையில கை வச்சாக."

ஓவியா ஜீப்பில் உட்கார்ந்து படத்தை மறுபடி ஓட்டினாள். மேஜை, அதன் மேல் சங்கிலி. தலைக்கு மேலே பந்தலிலிருந்து இரண்டு வால் விட்ட ஒரு பன்னீர் திராட்சைக் கொத்து, சாம்பல் பூசியதுபோல வெளுத்துத் தொங்கியது. அடுத்து, சோதனைக் காட்சி. மேஜையில் சங்கிலி இல்லை. அதே இரட்டை வால் கொத்து இப்போது கன்னங்கரேலென்று மினுங்கியது. படத்தின் முடிவில் எல்லோரும் கிளம்புகிறார்கள். வினோத்ராஜ் அந்தக் கொத்தை வெட்டி, முத்தமிட்டு, தன் காரில் வைக்கிறார். "கடைசி சீசன் ஞாபகம்!" குழுவே கைதட்டுகிறது.

ஓவியா போனை அணைத்தாள்.

பகல் பன்னிரண்டு. மொக்கைச்சாமியின் தோட்டத்தில், ஓவியா வரவழைத்த அந்த மூவரும் பந்தலுக்கடியில் நின்றார்கள். பழம் வெட்டுக்குத் தயாராக இருந்தது.

"ஆளுக்கு ஒரு கொத்து வெட்டுங்க" என்றாள் ஓவியா.

"கைது பண்ணச் சொன்னா, பிக்னிக் நடத்துறீங்களே மேடம்" என்றார் வினோத்ராஜ்.

முத்துப்பேச்சி காம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வெட்டி, பெட்டியில் தாளின் மேல் வைத்தாள். மொக்கைச்சாமியும் அப்படியே செய்தார். வினோத்ராஜ் கொத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார்.

"யோவ்! பழத்தைப் புடிக்காதய்யா!" மொக்கைச்சாமி கத்திவிட்டார். "மேல இருக்க பொடி போச்சுன்னா யாவாரி திரும்பிப் பாப்பானா? பழைய சரக்கும்பான்."

வினோத்ராஜின் கையிலிருந்த கொத்தில் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்து மினுங்கியது.

ஓவியா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சங்கிலி இருந்தப்ப இந்தக் கொத்துல பொடி இருக்கு. போன பிறகு இல்ல. சங்கிலியைப் பழத்துக்கு நடுவுல திணிக்கக் கொத்தைப் பிடிச்சுத்தான் ஆகணும். இவங்க ரெண்டு பேரும் தூக்கத்துலகூடப் பழத்துல கை வைக்க மாட்டாக. பையைக் காட்ட உங்களுக்கு என்ன பயம்? சங்கிலிதான் தலைக்கு மேல கொத்துக்குள்ள தொங்குச்சே."

"யார் வேணா தொட்டிருக்கலாம்."

"சரி. பந்தல் பூரா நல்ல கொத்து தொங்க, பொடி போன இந்த ஒண்ணை ஏன் முத்தம் குடுத்துக் கார்ல ஏத்துனீங்க? இவங்க கொண்டையை உதறுனீங்க. உங்க காரை எவன் உதறுனான்?"

வினோத்ராஜ் முத்துப்பேச்சியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான். "சங்கிலி வீட்ல இருக்கு. திருப்பிக் குடுத்துடறேன். வெளிய தெரிய வேண்டாம், மேடம்."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஓவியா தகவல் சொன்ன கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஓவியா ஸ்பீக்கரில் போட்டாள். குரல் தேன் ஒழுகியது. "தவறு நடந்துடுச்சும்மா. அந்த ஒரு நிமிஷத்தை நீக்கிடறோம். விஷயம் முடிஞ்சுது."

முத்துப்பேச்சி போனை வாங்கினாள். "எதைய்யா நீக்குவ? ஊரே பாத்து முடிச்சிருச்சு. எம் மூஞ்சி அங்கனயே கிடக்கட்டும். அதுக்கு அடுத்தாப்புல, இவ திருடல, எங்க ஆளுதான் திருடுனான்னு நீங்க மூஞ்சியக் காட்டிச் சொல்லணும்."

"அதெல்லாம் ப்ராசஸ்மா. சேனல்ல கேட்கணும்."

"என்னைத் திருடிங்குறதுக்கு எவங்கிட்டக் கேட்டீக?"

எதிர்முனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஓவியா ஜீப் பானெட்டில் ஒரு வெள்ளைத்தாளை விரித்துப் பேனாவைத் திறந்தாள். "இப்ப நீ புகார் குடு, பேச்சி. முதல் பேர் யாரு? இவனா?"

முத்துப்பேச்சி ஜீப்புக்குள் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள்.

"இவன் வெறுங் களவாணிதான். டீ கொண்டு வந்த பொண்ணுன்னு என்னையச் சொல்லி அழுதாள்ல, அந்த அனுசுயா? அவ பேர மொதல்ல எழுதுங்க."