புழுவீட்டில் சொன்ன சொல்

விடிந்ததிலிருந்து ஒரே இலையை யின்சு மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மல்பெரி இலையில் பனி ஈரம் ஒட்டியிருந்தால் பட்டுப்புழுக்கள் வயிறு நொந்து செத்துப்போகும் என்பது அவளுக்குக் கை பழகிப்போன பாடம். கூடை நிறைய இலை இன்னும் காத்துக்கிடந்தது. ஆனால் இன்றைக்கு அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

தோட்டத்து வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றிருந்தது. அவளை வடக்கு எல்லைக்கு ஏற்றிப் போகப் போகும் வண்டி. ஒரு காலத்தில் இந்த யாவ்லின் நாட்டின் பட்டத்து ராணியாக இருந்தவளுக்கு வந்த பல்லக்கு இதுதான். மாடு பாட்டுக்கு உதிர்ந்த இலைகளை மேய்ந்துகொண்டிருந்தது.

இளைய ராணி சோங்லி தோழிகள் யாரும் இல்லாமல் தனியாக வந்தாள். பட்டுக் காலணி பனியில் நனைந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அப்போதே யின்சுவுக்குத் தெரிந்துவிட்டது, இவளும் ராத்திரி தூங்கவில்லை என்று.

"என்னக்கா, மூட்டை கட்டியாச்சா?"

"கட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? அதை விடு. பெய்லன் என்ன சொல்லப்போறான்?"

"நானே எழுதிக் குடுத்திருக்கேன். 'யின்சு என்னும் பெண்ணை நான் துறக்கிறேன்.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. நீயும் வாயைத் திறக்காம வாசல்ல நின்னுட்டு வண்டியில ஏறிட்டேன்னா உன் பிள்ளைக்கு இன்னைக்கே இளவரசுப் பட்டம்."

"அவன் அதோட நிறுத்துவானா, சோங்லி? சின்னதுலயே கோபம் வந்தா நிக்காது அவனுக்கு..."

"என் கையில வளர்ந்த பிள்ளை. எனக்குத் தெரியாதா?" என்றாள் சோங்லி.

அந்தச் சொல் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. யின்சு தலையைக் குனிந்து அடுத்த இலையை எடுத்தாள். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே வரத்தைத்தான் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டிருந்தார்கள்... பையன் எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்ல வேண்டுமே என்று.

இத்தனை பயம் ஏன் என்றால், சொல்லப்போகிற இடம் அப்படி. அரண்மனையின் புழுவீட்டில் வளர்வது வெள்ளிப் புழுக்கள். ஓட்டுக் கூரையில் மழை பெய்கிற மாதிரி அவை இலை தின்கிற சத்தம் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அறைக்குள் யாராவது பொய் சொன்னால் சத்தம் நின்றுவிடும். அதனால் அரச குடும்பத்தின் விசாரணையும் சத்தியமும் அங்கேதான். மந்திரி வீட்டு மாப்பிள்ளைகளைக் கல்யாணச் சத்தியத்துக்கு அங்கே அழைத்துப் போவதுண்டு. அவர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் ரொம்பவும் கொஞ்சமாக இருக்கும்.

பெய்லனுக்கு முன்பல் விழுந்திருந்த வயசில்தான் அந்தக் கொடுமை நடந்தது. மன்னனின் தாய் பெரியராணிக்குத் தாமரை விதைக் கஞ்சியைக் குழந்தைதான் ஏந்திக்கொண்டு போய், அவள் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலருகே வைத்துவிட்டு வந்தான். எழுந்து அதைக் குடித்த கொஞ்ச நேரத்தில் பெரியராணிக்குக் கண் இருண்டது. வலியில் துடித்துக்கொண்டே, எந்தக் கை கொண்டுவந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று அந்த அம்மாள் அலறினாள். குலத்துப் பெரியவருக்கு நஞ்சு ஏந்திய கையை, அது சின்னக் கையானாலும், வெட்டி ஆளை ஆற்றில் தள்ளு என்பது அந்த வீட்டுச் சட்டம். நஞ்சைக் கலந்தது யார் என்றெல்லாம் அப்புறம்தான் கேட்கும். முதலில் ஏந்திய கை போயாக வேண்டும். பாழாய்ப்போன சட்டம்!

எல்லோரையும் புழுவீட்டில் கூட்டினார்கள். பிள்ளையின் உதட்டில் எள் ஒட்டியிருந்தது. சித்தி எள்ளுருண்டை கொடுத்துக் கிண்ணத்தைப் பாட்டியிடம் கொண்டுபோகச் சொன்னாள் என்று அவன் தாயின் காதில் முன்பே சொல்லியிருந்தான். மன்னன் ஹான்ஜூ மகன் பக்கம் திரும்பினான். குழந்தை வாயைத் திறந்தது. அதற்குள் யின்சு அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"நான்தான் செஞ்சேன்" என்றாள்.

மழைச் சத்தம் சட்டென்று நின்றது. புழுக்களே இந்தப் பாவத்தைக் கேட்டு நடுங்கிவிட்டன என்றார் தலைமை மந்திரி. கூட்டமே ஆமாம் என்றது. மன்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளை பெற்றவள் என்பதால் உயிரை விட்டுவைத்தார்கள். மகுடத்தைக் கழற்றிக்கொண்டு இலை பறிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். பெய்லனை சோங்லி எடுத்துக்கொண்டாள். உன் அம்மாதான் கிண்ணத்தை உன் கையில் கொடுத்தாள், உன்னை வைத்தே பாட்டியின் கண்ணைப் பறித்தாள் என்று தினமும் சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். தினம் கேட்கிற கதை, பிள்ளைக்குக் கண்ணால் கண்டதாகவே ஆகிவிடும். முதலில் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தவன், பிறகு கல் எறிந்தான். அப்புறம் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான். கல் எறிந்த நாட்களே தேவலை என்று யின்சு பலமுறை நினைத்து அழுதிருக்கிறாள்.

வெயில் ஏறியதும் புழுவீட்டில் முரசு கொட்டினார்கள். துறக்கப்படுகிறவள் வாசலில் நின்று தன் காதால் கேட்க வேண்டும் என்பது முறை. யின்சு இலைக்கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு படிக்கு வெளியே நின்றாள். உள்ளே மன்னன் இருந்தான். கண்ணில் துணி கட்டிய பெரியராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோங்லி தன் பிள்ளைக்குப் பின்னால்... ஆமாம், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்... தன் பிள்ளைக்குப் பின்னால் நின்றாள். பெய்லன் நன்றாக வளர்ந்திருந்தான். தோள் அப்பனுடையது, மோவாய் அவளுடையது. இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்து எத்தனை காலம்!

"யின்சு என்னும் பெண்ணை நான் துறக்கிறேன்" என்று பெய்லன் தெளிவாகப் படித்தான்.

மழைச் சத்தம் நிற்காமல் பெய்தது. துறக்கிறேன் என்பதில் பொய் ஏது? சோங்லியின் தோள் தளர்ந்தது. யின்சுவும் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். பிள்ளை பிழைத்தான், இனி எந்த எல்லைக்கு அனுப்பினால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

அந்தப் பெருமூச்சைப் பெய்லன் பார்த்துவிட்டான். அதுதான் வினை. அழுவாள், காலில் விழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது. பாரம் இறங்கின மாதிரி அவள் நின்றதும் அவனுக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"பாத்தீங்களா பாட்டி? பெத்த பிள்ளை துறக்கறேன்னு சொல்றேன், நிம்மதியா மூச்சு விடறா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல..."

"பெய்லன், போதும். வா" என்று சோங்லி அவன் கையைப் பிடித்தாள்.

அவன் உதறினான். "உங்களுக்கு விஷம் வச்சவ இவதானே பாட்டி!"

மழை நின்றது.

மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை ஒரு புழு அசையவில்லை. வெளியே மாட்டின் கழுத்து மணி ஆடுகிற சத்தம் உள்ளே கேட்டது. யின்சுவின் இடுப்பிலிருந்து கூடை நழுவி விழுந்தது.

புழுக்களுக்குப் பசி அடங்கியிருக்கும், நேரமாகிறது, கிளம்பலாம் என்று சோங்லி அவசரமாக என்னென்னவோ சொன்னாள். அவள் பேசப் பேச அறை இன்னும் ஊமையாகத்தான் இருந்தது. பெரியராணி கையை உயர்த்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். மெல்ல மெல்ல மழை மறுபடி தொடங்கியது.

"பெய்லன், இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள் பெரியராணி.

அவன் குரல் இறங்கிவிட்டது. "இவங்கதான்... உங்களுக்கு விஷம் வச்சாங்க."

மறுபடி நின்றது.

"கண்ணு போனவளுக்குக் காது ஒண்ணுதானே மிச்சம்?" என்றாள் பெரியராணி. அவள் கைகள் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. "அன்னைக்கும் இப்படித்தான்டா நின்னுது. 'நான்தான் செஞ்சேன்'னு இவ சொன்னா. நின்னுடுச்சு. பாவத்தைப் பாத்துப் புழு நடுங்குதுன்னாங்க. நானும் நம்பினேன். இந்த வீட்டுல பால்குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியுமே, புழு எதுக்கு நிக்கும்னு! பாவத்துக்கு எங்கேடா நின்னுது? பொய்க்குத்தானே நிக்கும்!"

அந்த வீட்டில் பொய் சொன்னவர்கள் எல்லோரும் அதுவரை தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள ஒருத்தி பொய் சொல்வாள் என்று எந்த மந்திரிக்குத் தோன்றும்? நாட்டை ஆள்கிற புத்தி அவ்வளவுதான்.

"யாரைக் காப்பாத்த அந்தப் பொய்யைச் சொன்னே, யின்சு?"

யின்சு படி தாண்டி ஓடிவந்து மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "கேக்காதீங்க அத்தை. என்னை வண்டியில ஏத்தி விட்டுடுங்க. போயிடறேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இதைக் கேக்காதீங்க..."

பெய்லன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கிண்ணத்தின் சூடு அவனுக்கு ஞாபகம் இருந்தது. வாயில் எள்ளின் இனிப்பு இருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது.

"நான் பாட்டி" என்றான். "கொண்டு வந்தது என் கை. என்னைக் காப்பாத்தத்தான்..." மழை பெய்துகொண்டே இருந்தது.

தலைமை மந்திரி சட்டம் என்று ஏதோ தொடங்கினார். பெரியராணி அவரை மேலே பேசவிடவில்லை.

"விஷம் குடிச்சவ நான். மன்னிக்க வேண்டியவளும் நான். என் பேரன் மேல எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்ல. நல்லாக் கேட்டுக்கங்க, சத்தம் நிக்குதான்னு."

நிற்கவில்லை.

பெய்லன் சோங்லி பக்கம் திரும்பினான். "எனக்கு எள்ளுருண்டை குடுத்தது யாரு, சித்தி?"

சோங்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் மௌனம் ஒன்றுதான் பத்திரமான பதில். மன்னன் அவளிடம் கெஞ்சினான், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"நான்தான் கலந்தேன்" என்றாள். "எங்க அக்கா சோங்யாவுக்குத்தானே இவரைப் பேசி முடிச்சிருந்தீங்க? நிச்சயத் துணி வரைக்கும் வந்த பிறகு, இந்த யின்சுவோட ஜாதகம் ஒசத்தின்னு சொல்லி அவளைத் தள்ளிட்டீங்க, பெரியராணி. ஊர் சிரிச்சுது. மலை மேல மடத்துல தலையை மழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா என் அக்கா. உங்களுக்குக் கண்ணு இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இவளுக்குப் பிள்ளை இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அத்தனையும் நடந்துச்சு."

அவள் பேசி முடிக்கிற வரை புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மழைச் சத்தம் முதல்முறையாகப் பயத்தைக் கொடுத்தது.

மன்னன் வாளில் கை வைத்தான். பெரியராணி வேண்டாம் என்றாள். சோங்யாவுக்குத் தான் செய்ததும் பாவம்தான், இத்தனை நாள் அதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றாள். வாசலில் ஒரு வண்டி காத்துக்கொண்டிருக்கிறதே, அதில் இவளை ஏற்றி அக்காவிடம் கொண்டுவிடுங்கள் என்றாள். சோங்லி யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினாள். பெய்லனைத் தாண்டும்போது மட்டும் அவள் கால் ஒரு கணம் தயங்கியது. அவனை வளர்த்தவளும் அவள்தானே... அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மன்னன் ஹான்ஜூ தொண்டையைச் செருமிக்கொண்டு யின்சுவிடம் வந்தான். கண் கலங்கித்தான் இருந்தது.

"யின்சு... இத்தனை வருஷத்துல உன்னை நெனைக்காத நாளே கிடையாது எனக்கு."

மழை நின்றது.

மன்னன் முகம் சிவந்தது. பெரியராணி, "போடா அந்தப் பக்கம்" என்றாள். யின்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணீரும் சேர்ந்து வந்ததில் எது எது என்று தெரியவில்லை. மகுடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் புழுக்களுக்கு இலை போட வேண்டும், சிந்தினதை யாராவது அள்ளிவையுங்கள் என்று அவள் பொதுவாகச் சொன்னாள். ஒரு நாட்டின் மன்னன் குனிந்து இலை பொறுக்கினான்.

பெய்லன் சுவரோரமாகவே நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போனாள். அவன் தலை நிமிரவில்லை.

"கல்லால அடிச்சேனே..." என்றான். "என் மேல கோபமே வரலையா, அம்மா? ஒரு நாளாவது?"

யின்சு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தலைக்கு மேலே தட்டுத் தட்டாகப் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அவள் மகனின் கையைப் பிடித்தாள். பேசாமல் படி தாண்டி, வாசலைத் தாண்டி, மழைச் சத்தம் கேட்காத தூரத்துக்கு, தோட்டத்துக் கடைசி மரம் வரை கூட்டிப்போனாள்.

அங்கே நின்று அவன் முகத்தைக் கறை படிந்த இரண்டு கைகளாலும் நிமிர்த்தினாள்.

"இல்லடா கண்ணு" என்றாள். "ஒரு நாளும் வந்ததில்ல."

பெய்லன் ஒருமுறை திரும்பிப் புழுவீட்டைப் பார்த்தான். அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தான். இவ்வளவு தூரம் ஏன் நடத்திக் கூட்டிவந்தாள் என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு அவன் தாயைக் கட்டிக்கொண்டு குழந்தையைப் போல அழுதான்.