ஃபெஸ் நகரத்து மணப்பெண்

"பாலக்! பாலக்!"

வழிவிடச் சொல்லும் அந்தக் கூச்சல் இல்யாஸின் காதில் விழுந்தது. காலுக்குத்தான் எட்டவில்லை. சரிவான சந்தில், முதுகில் எரிவாயு உருளைகள் கடகடக்க, ஒரு கோவேறு கழுதை பாய்ந்து வந்துகொண்டிருந்தது. அவனோ கேமராவில் கண்ணைப் பதித்து நின்றான்.

யாரோ அவன் காலரைப் பற்றி இழுத்தார்கள். சுவரில் போய் மோதினான். கழுதை அவன் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போனது.

"கண்ணை கேமராகிட்ட குடுத்துட்டா காலுக்கு யாரு வழி சொல்றது?"

திரும்பினான். வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு... நடுவில் இரண்டு கரிய கண்கள். அவள் கையிலிருந்த பலகையில் அடுப்புக்குப் போகும் ரொட்டி மாவு வட்டங்கள். ஒன்று மட்டும் தரையில், கழுதையின் குளம்படியோடு.

"ஐயோ... உங்க ரொட்டி!"

"மாவு போனா பிசைஞ்சுக்கலாம். நீங்க போயிருந்தா, பிரான்சுக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

"பிரான்ஸ்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க அரபியைக் கேட்டா... அதுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் உதடு சிரிக்கவில்லை. கண்கள் சிரித்துவிட்டன... மழைக்குப் பிறகு மொட்டைமாடியில் விழும் முதல் வெயில்போல. அவன் விரல் தானாகவே கேமராவை அழுத்தியது.

"மாப்பிள்ளை குடுத்து வச்சவர்" என்றான் மெல்ல.

அந்தக் கண்களில் விளக்கு அணைந்தது. சந்து திரும்பிப் போய்விட்டாள்.

வெட்கம்... என்று நினைத்துக்கொண்டான் இல்யாஸ். பிரான்சின் லியோனில் பிறந்து வளர்ந்தவன். அவன் பார்த்த வெள்ளை உடைப் பெண்கள் எல்லாருமே மணப்பெண்கள்.

பயணப் பத்திரிகை ஒன்றில் அவன் கட்டுரை வந்தது. அட்டையில் அவள் முகம். 'ஃபெஸ் நகரத்து மணப்பெண்' என்று தலைப்பு. அவனுக்கு எங்கும் பாராட்டு. ஆனால் அந்தக் கண்கள் அவனைத் தூங்கவிடவில்லை. கல்யாணமான பெண்ணை நினைப்பது தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஒரே ஒரு தடவை பார்த்துப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டு, அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வந்தான்.

தெரு அடுப்பை நடத்தும் பா அல்லால், அட்டையைப் பார்த்ததும் ரொட்டித் துடுப்பைக் கீழே வைத்தார்.

"இதை எழுதின மகராசன் நீதானா? உன் அப்பன் எந்த ஊரு?"

"உஜ்தா... இந்த நாட்டு எல்லை ஊருதான்."

"உஜ்தாக்காரன் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? சரிகை இல்ல, மருதாணி இல்ல, காலுறைகூட வெள்ளை. புருஷனை மண்ணுல வச்சுட்டு வந்தவ உடுத்துற துணிடா அது!"

அன்று தான் சொன்னது இல்யாஸுக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளை குடுத்து வச்சவர்... கடவுளே!

"உன் புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஊர்ப்பட்ட வெளிநாட்டுக்காரன் 'மணப்பெண் எங்கே'ன்னு வந்து கேட்டான். அவ மாமியா லல்லா ஸுஹோர் காதுக்குப் போகாம இருக்குமா? பெத்த மகளா வச்சிருந்தவ, மூட்டையைக் கட்டிக் குடுத்துட்டா. இப்ப அந்தப் பொண்ணு பத்தூல், தன் அண்ணன் வீட்டுல சோத்துக்குப் பேச்சு வாங்கிட்டுக் கிடக்கா. அதோ... அவளே வர்றா."

துக்க மாதங்கள் கழிந்து, பச்சை அங்கியில் நனைந்தபடி வந்தாள். இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அரபிக்கு ஜலதோஷம் இன்னும் சரியாகலையா?" கேலிதான். ஆனால் குரலில் கசப்பு.

"தப்பு பண்ணிட்டேன், பத்தூல். அறியாம பண்ணினது. இப்பவே உங்க மாமியார் கால்ல விழறேன். 'மணப்பெண்'னு போட்டது என் முட்டாள்தனம்னு சொல்றேன். பத்திரிகையிலும் எழுதறேன். நீங்க அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்... அதுக்கப்புறம் உங்களுக்கு மனசிருந்தா... முறைப்படி பொண்ணு கேட்டு வரேன்."

அடுப்பில் விறகு வெடித்தது. பா அல்லால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க அங்க போகாதீங்க."

"ஏன்? உண்மையைச் சொன்னா நம்ப மாட்டாங்களா?"

அவள் அவன் கையிலிருந்த அட்டையை வெகுநேரம் பார்த்தாள். முக்காட்டின் ஓரத்திலிருந்து மழைநீர் சொட்டியது.

"நானே சொன்னேன்... நம்பினாங்க. அப்புறம் படத்தைக் கிட்ட வச்சுப் பார்த்துட்டு, 'என் மகனைப் பார்த்து நீ ஒருநாள்கூட இப்படிச் சிரிச்சதில்லையேடி'ன்னு கேட்டாங்க... எனக்குப் பொய் சொல்ல வரல."