குடிக்காத இளநீர்

“ஐயோ...!”

சின்னாயியின் அலறலில் எருமப்பட்டி தெருவே கூடிவிட்டது.

கட்டிலில் அவள் கணவர் சின்னராஜ். லாரி அதிபர். மார்பைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தார்!

கட்டிலருகே இரண்டு இளநீர். ஒன்று காலி. மற்றது... ஸ்ட்ரா போட்டபடி, முழுசாக!

இன்ஸ்பெக்டர் அக்சிலியா குனிந்து, அவர் கையிலிருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்தார்.

“மதன், இவர் டயாலிசிஸ் பேஷண்ட். இந்த இளநிதான் கொலை ஆயுதம்!”

ஏட்டு மதன் விழித்தார். “இளநியா? விஷம் கலந்திருக்குதுங்களா, மேடம்?”

“கலக்கவே வேண்டாம். இளநியில பொட்டாசியம் ஜாஸ்தி. நம்ம கிட்னி அதை வெளியே தள்ளிடும். இவருக்குத் தள்ளாது. ரத்தத்துல ஏறி... இதயத்தை நிறுத்திடும்!”

“போன வாரம் ராசிபுரத்துல செத்தவரும் டயாலிசிஸ்தானுங்க! ரெண்டு பேரும் ஒரே லாரி சங்கம்!”

சங்கச் செயலாளர் பாலசுந்தரம் ஸ்டேஷன் வாசலில் வியர்த்து நின்றார்.

“சங்கத்துக்கே ஒரே மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசிதானே?” அக்சிலியா கேட்டார்.

“ஆமாங்க. போன வருசத்துச் செலவப் பாத்துத்தான் இந்த வருசப் பிரீமியம். நூறு வாங்கி நூத்தம்பது குடுத்தா இன்சூரன்ஸ்காரங்க உடுவாங்களா? ரெண்டு மடங்கு ஏத்திட்டாங்க. மத்த கம்பெனியெல்லாம் கைய விரிச்சிருச்சு. இருக்கறது இது ஒண்ணுதானுங்க.”

“செலவு யாரால?”

“மூணு கிட்னி கேஸுங்க... செலவு எறங்குனாத்தான் ரெனியூவல்னு லெட்டரே வந்திருச்சு.”

“மூணுல ரெண்டு முடிஞ்சுது. சங்கத்துக்கு லாபம்!”

“சாமி சத்தியமா நானில்லீங்க!”

வாய் வறண்டுபோன பாலசுந்தரம், எதிர்க்கடையில் இளநீர் வாங்கி ஒரே மூச்சில் உறிஞ்சினார்.

அக்சிலியா அந்தக் காலி இளநீரையே வெறித்தார்.

“மதன், ஜீப்பை எடுங்க! மூணாவது பேஷண்ட் வீரபாகு... புதுச்சத்திரம்!”

வீரபாகு கையில் டயாலிசிஸ் பிளாஸ்திரியோடு கதவைத் திறந்தார்.

“வாங்க மேடம். அடுத்தது நாந்தானுங்களா?”

“பயமா இருக்கா?”

“இருக்காதுங்களா? அடுத்த மாசம் கிட்னி மாத்தற ஆப்பரேசன். ஊட்டுக்காரிதான் குடுக்கறா. பாலிசி நின்னுபோச்சுன்னா... இந்த ஒடம்ப எந்தக் கம்பெனி எடுக்குமுங்க?”

“அதேதான்! திடமா இருக்கறவங்க தனித்தனியா வேற பாலிசி எடுத்துக்குவாங்க. போக்கிடம் இல்லாதது உங்களுக்கு மட்டும்தான். மத்த ரெண்டு பேர் செலவு நின்னா, பாலிசி உங்களுக்கு மிஞ்சும்!”

அக்சிலியா ஓரடி முன்னே வைத்தார்.

“டாக்டர் வேண்டாம்னதை சின்னராஜ் ஏன் குடிச்சாரு? ‘நானும் உன்ன மாதிரிதான், ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆகாது’ன்னு இன்னொரு பேஷண்ட் சொன்னதால! வேற யாரா இருந்தாலும் தன் இளநிய உறிஞ்சியிருப்பாங்க. நீங்க ஸ்ட்ராவை வாயில வெச்சதோட சரி. உங்களுக்கும் அது விஷமாச்சே! அந்த ஸ்ட்ராவுல உங்க எச்சில் இருக்கும். டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சு.”

வீரபாகு கையெடுத்துக் கும்பிட்டார்.

“பொழைக்கோணுமுன்னு நெனச்சனுங்க... அவ்வளவுதானுங்க!”

“அவங்களும் அப்படித்தானே நெனச்சிருப்பாங்க?”

விலங்கு பூட்டப்பட்டது.

“அப்ப... என்ற டயாலிசிஸுக்கு என்னங்க பண்றது?”

மதன் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

“கவலையே வேண்டாமுங்க. ஜெயில்ல சர்க்காரே பாத்துக்கும். எந்த வியாதியோட போனாலும் வேண்டாங்காத ஒரே கம்பெனி... பிரீமியமும் கெடையாது!”