எட்டாவது அடுக்கு

தகட்டின் ஓரத்தில் பிரிய வேண்டிய அடுக்கு, திரையில் நட்டநடுவே பிரிந்துகொண்டிருந்தது.

தெரசாள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கண்ணாடி இழைத் துணியில் பிசின் தடவி, அடுக்கடுக்காக அவளே ஒட்டிய தகடு மேசையில் கிடந்தது. திங்கட்கிழமை அதை மிஷினில் வைத்து இழுப்பார்கள். எங்கே, எந்த விசையில் அடுக்கு விடும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்வது சரியாக இருந்தால்தான் அவளுக்கு இந்தக் கல்லூரியில் வேலை. அதுவோ கட்டைவண்டி மாதிரி கணக்குப் போட்டது. மூன்று வருஷமாகத் திருச்சுழி பஸ்ஸில் தூங்கி விழுந்தபடி வந்து போகிறவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

லேப் அட்டெண்டர் காசிராஜன் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் கெளம்பிட்டாக மேடம். நீங்க வரலையா?"

"இது முடியட்டும்ணே. வாரேன்."

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. பங்குனி வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேசைவரை நீண்டிருந்தது. மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் டப்பாவிலிருந்து பிசின் நெடி புதிதாகக் கிளம்பியது.

பட்.

திரையில் சிவப்பு கொஞ்சம் பரவியது. பட். பரவிய இடத்திலிருந்து ஒரு கிளை. பிறகு நான்கு.

விரல்கள்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கையுறை தீர்ந்துபோன அன்று ஏழாவது அடுக்கை வெறுங்கையால் அழுத்தினாள். பிசின் பிடித்துக்கொண்டது. பிடுங்கியபோது உள்ளங்கைத் தோல் அதிலேயே தங்கிவிட்டது. துணி வீணானால் திட்டு விழுமே என்று, யாரிடமும் சொல்லாமல் அதன்மேலேயே எட்டாவதை ஒட்டினாள். கம்ப்யூட்டருக்கும் சொல்லவில்லை.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. திரை கறுத்தது.

பட்.

தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடுக்கு பிரிந்த இடம் வெளுத்துத் தெரியும்; உள்ளே அப்படி எந்தக் கையும் இல்லை. அடுக்கு எங்கும் விடவில்லை. எட்டும் ஒட்டியே இருந்தன.

அவள் தோல் ஒட்டிய இடம் மட்டும் காலி.

பட்.

சத்தம் தகட்டில் இல்லை. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

தகட்டை வைத்துவிட்டு அன்று பிசினில் அழுத்திய வலது கையைத் திருப்பினாள். வலிக்கவில்லை. மணிக்கட்டு ஓரத்தில் தோல் லேசாக எழும்பி நின்றது. ஓட வேண்டும். கால் வரவில்லை.

பட்.

உள்ளங்கைத் தோலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டைவிரல் மேலே முட்டியது. அதன் பக்கத்தில், ஒவ்வொன்றாக, இன்னும் நான்கு.