ஒரு துளை கூடுதல்

ஓடிய இன்ஜின் வாடை அது. அதில் ஊற்றுகிற விளக்கெண்ணெய் கருகிய வாடை. பனிமூட்டத்தால் எந்த விமானமும் கிளம்பாத நாளில், காலி விமானக் கொட்டகைக்குள் அது எங்கிருந்து வந்தது என்று பசீலுக்குப் புரியவில்லை.

முதல் உலகப் போர்; வட பிரான்சின் ஒரு விமானத் திடலில் அவன் மெக்கானிக். தம்பி ஃபிர்மான் விமானி. ஒற்றை ஆள் சண்டை விமானம்; மூக்கில் சுழலும் விசிறிக்கு ஊடாகவே துப்பாக்கி சுடும். சொந்தக் குண்டு பட்டுப் பிளக்காதிருக்க, விசிறியில் எஃகுத் தகடு அடித்துக் கொடுத்தவன் பசீல். கடைசியாகக் கிளம்பியபோது, தம்பி துள்ளுகிறவனாயிற்றே என்று, இருக்கையின் இடுப்பு பெல்ட்டை ஒரு துளை கூடுதலாக இழுத்துக் கட்டி, "விழுந்துடாதடா" என்றான். இரண்டாம் நாள் எதிரி விமானம் ஒன்று தாழப் பறந்து ஃபிர்மானின் தொப்பியைப் போட்டுவிட்டுப் போனது. செத்தவனுக்கு இரு தரப்பும் செய்கிற மரியாதை அது. தொப்பி பாதி எரிந்திருந்தது.

சூப் கொண்டுவந்த சமையல்காரர் ஒனோரே கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவன் வந்தா எங்க நிறுத்துவான்?" என்றான் பசீல். கிழவர் சூப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரம், பனிக்குள்ளிருந்து இன்ஜின் விட்டு விட்டு இருமியது. இறங்கும்போது சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவது ஃபிர்மான் வழக்கம். ஈரப்புல்லில் சக்கரம் உருண்டது. வாசலில் வந்து நின்றது. எஃகுத் தகடு அடித்த விசிறி.

விசிறியைத் தொடுமுன் மெக்கானிக் கேட்கிற கேள்வியை, பழக்கதோஷத்தில் அவன் வாய் கேட்டுவிட்டது.

"சுவிட்ச் ஆஃபா?"

"ஆஃப், அண்ணே."

அதே குரல்.

"இறங்கி வாடா, கண்ணு."

"பெல்ட்ட கழட்ட முடியல அண்ணே. எரியுறப்பவும் முடியல."

ஐயோ, அந்த ஒரு துளை. பசீல் அழுதுகொண்டே சக்கரத்தில் கால் வைத்து ஏறினான். இன்ஜின் ஐஸாய்க் குளிர்ந்திருந்தது. இருக்கை கொதித்தது. இருட்டில் துழாவினான். பக்கிள். விரல் பொசுங்கியது. விடவில்லை.

கழன்றது.

இரண்டு கைகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டன. சின்ன வயதில் தூக்கச் சொல்லிக் கட்டிக்கொண்ட மாதிரியே. கரிக்கைகள். எடையே இல்லை. உள்ளே இழுத்தன.

"உனக்கும் கட்டிவிடறேன், அண்ணே. விழுந்துடாத."

இடுப்பில் பெல்ட் இறுகியது. இன்னும் ஒரு துளை.

எதிரே, யாரும் தொடாமல், விசிறி சுற்றத் தொடங்கியது.