ஐந்தரைக்குப் பிறகு

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு சேலம் ஒப்படைப்பு நிலையத்தில் கூட்டம் அதிகம். பிரிந்துபோன தம்பதிகள் மஞ்சள் கோட்டின் இருபுறமும் நிற்பார்கள். பிள்ளை கோட்டைத் தாண்டும்போது அதன் கையிலுள்ள காப்பு வளை பச்சையாக மின்னும். அவ்வளவுதான். ஒருவர் வெறுங்கையோடு திரும்புவார். இன்னொருவர் பள்ளிப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

குமரகுரு எப்போதும் நாலே காலுக்கே மகளோடு வந்து உட்கார்ந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அந்த நேரத்தில் மகளோடு வாசற்படி தாண்டமாட்டான். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் வீடு கட்டிக் குடியேறிவிட்ட பிறகும் அவன் மட்டும் மாறவில்லை.

இன்று ஏழு வயது மகிழினி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அவனும் கண்ணயர்ந்துவிட்டான். எழுந்தபோது மணி நாலு நாற்பது. ஒப்படைக்கக் கோர்ட்டு குறித்த நேரம் ஐந்து. சுகந்தியைப் போனில் அழைத்தான்.

“ஆறு மணிக்கு மேல கெளம்புறேன் சுகந்தி.”

“நம்ம கல்யாணம் நல்ல முகூர்த்தத்துலதானே நடந்துச்சு? என்ன வாழ்ந்து கிழிச்சோம்?” என்று சிரித்தாள் அவள். “சரி, சரி. மெதுவாவே வாங்க.”

அந்தச் சிரிப்பை, பக்கத்தில் கண்விழித்துப் படுத்திருந்த மகிழினியும் கேட்டாள்.

ஐந்தரைக்கு வளை சிவந்தது. ஐந்தே முக்காலுக்குக் காவல்துறை வான்கார் மொட்டை மாடியில் இறங்கியது. அப்பாவையும் மகளையும் ராகு காலத்திலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒப்படைப்பு நிலையத்தின் விசாரணை அறையில் சுகந்தி ஏற்கெனவே காத்திருந்தாள்.

“கோர்ட்டு ஆணையை முப்பது நிமிஷம் மீறினா அது பிள்ளைக் கடத்தல்,” என்றாள் அதிகாரி பொன்மொழி. “தண்டனை தெரியுமில்ல?”

ஊருக்கே தெரியும். ஜெயிலில் போட்டால் பிள்ளை ஏங்குகிறது. அபராதம் போட்டால் பிள்ளையின் சோறு குறைகிறது. தண்டனை பிள்ளையைத் தொடவே கூடாது என்று யோசித்துக் கொண்டுவந்ததுதான் நினைவு நீக்கம். குற்றவாளியின் மூளையிலிருந்து அந்தப் பிள்ளையை மட்டும் எடுத்துவிடுவார்கள். இருபது நிமிட வேலை. வலிக்காது. அதன்பின் கடத்தும் ஆசையே வராது.

“மேடம், நான்தான் மெதுவா வாங்கன்னு சொன்னேன்,” சுகந்தி பதறி எழுந்தாள். “நான் புகாரே குடுக்கலையே!”

“புகார் குடுத்தது வளைம்மா. கோர்ட்டு போட்ட ஆணையை கோர்ட்டுதான் மாத்தணும். நீங்க ரெண்டு பேரும் போன்ல மாத்திக்க முடியாது.” பொன்மொழி பதிவுக் கருவியை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க சம்மதிச்சதா பதிவுல நின்னுச்சுன்னா நீங்களும் உடந்தை. ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனை. குழந்தை அரசு இல்லத்துக்குப் போயிடும். வளைக்கு இடம் மட்டும்தான் தெரியும், பேச்சு கேக்காது. யோசிச்சுச் சொல்லுங்க.”

கருவி மறுபடி ஓடத் தொடங்கியது.

“அவ சொல்றது பொய் மேடம்,” என்றான் குமரகுரு. “என்னைக் காப்பாத்தப் பாக்குறா. நான் போன் பண்ணவே இல்ல.”

சுகந்தி அவனைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல அசைத்தான், சொல்லு என்பதுபோல.

“நான்... சம்மதிக்கல.”

“பொய்!” என்று கத்தினாள் மகிழினி. “அம்மா சரின்னு சொன்னாங்க. சிரிச்சாங்ககூட!”

பொன்மொழியின் விரல் கருவியின் மேல் அப்படியே நின்றது. குமரகுரு மகளின் முன்னால் மண்டியிட்டான்.

“நீதான் தூங்கிட்டிருந்தியேடா கண்ணு. அது கனவு.”

மகளிடம் அவன் சொன்ன ஒரே பொய். கடைசிப் பேச்சும் அதுதான்.

உள்ளறைக்குக் கூட்டிப்போன அரை மணி நேரத்தில் வெளியே வந்தான். நன்றாகத் தூங்கி எழுந்தவன்போல முகம் தெளிவாக இருந்தது.

“என்ன சுகந்தி, நீ எங்க இங்க?” என்றவன் குனிந்து மகிழினியின் கன்னத்தைத் தட்டினான். “யாரு, உன் தங்கச்சி பொண்ணா? உன்ன மாதிரியே இருக்கா.”

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டான்.

மகிழினி அழவில்லை. நீண்டு வந்த அம்மாவின் கையை உதறிவிட்டு நேராகப் பொன்மொழியின் மேசைக்குப் போனாள்.

“ஆன்ட்டி, எனக்கும் அதே மாதிரி பண்ணிவிடுங்க. அப்பாவை எடுத்துடுங்க. அம்மாவையும்.”

பொன்மொழி வழக்குக் கோப்பை மூடினாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“முடியாதும்மா. சட்டப்படி குழந்தைங்களுக்குத் தண்டனையே கிடையாது.”