ஏழாம் எண் டோக்கன்

செல்போன் கோபுரத்தடியில் இருந்த பலகையில் தன் டோக்கனை மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து ஆணியில் ஏற்கெனவே ஒன்று தொங்கியது. மேலே ஏறுகிறவன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், இறங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஆனால் இந்தப் பனிமூட்டத்தில், சாயங்கால வேளையில், ஏற வந்திருப்பவர் இவர் ஒருவர்தான். தொங்கிய டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். ஏழு. மச்சினனின் எண்.

மச்சினன் விழுந்து செத்து ஒன்பது நாளாகிறது. அந்த டோக்கனை இவர் மனைவி தம்பியின் படத்துக்குக் கீழே மாட்டி வைத்து, தினமும் துடைக்கிறாள். பதினெட்டு வருஷமாக இவரும்தான் டோக்கன் வைத்திருக்கிறார். ஒரு நாள் துடைத்திருப்பாளா? செத்தும் அந்த வீட்டில் அவன்தான் ஒசத்தி.

போன் அடித்தது.

"என்னங்க, தம்பி டோக்கனைக் காணோம். நீங்க எடுத்துட்டுப் போனீங்களா?"

"எனக்கெதுக்குடி அது?" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார்.

இவருக்கு எட்டு வருஷம் பிந்தி வந்தவன், இவருக்கே சூப்பர்வைசர் ஆனான். வயிறு எரிந்தது. போன மாத ஆய்வில், அறுபதாவது மீட்டரில் ஆள் நிற்கும் தட்டில், இடுப்புப் பட்டைக் கொக்கியை மாட்டும் வளையத்தின் நட்டு தளர்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தார். அடுத்து ஏறப்போவது யார் என்றும் தெரியும். பதிவேட்டில் 'சரி' என்று எழுதினார். சாகட்டும் என்று நினைக்கவில்லை. ஒரு தடவை வழுக்கட்டும், நாலு பேர் முன்னால் அவன் முகம் வெளுக்கட்டும் என்றுதான் நினைத்தார்.

விழுந்தவனிடம் முதலில் ஓடியது இவர்தான். கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்த வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "கொக்கி மாட்டாம ஏறிட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லி அழுதார். நாளைக்கு விசாரணைக் குழு வருகிறது. அதற்குள் வளையத்தை இருந்த இடத்தில் முடுக்கிவிட்டால், பழி செத்தவனோடு போய்விடும்.

ஏறினார். ஈர இரும்பின் வாடை மூக்கில் ஏறியது. இருபது மீட்டரில் தரை மறைந்தது, முப்பதில் காவலாளியின் ரேடியோப் பாட்டும் பனிக்குள் அமுங்கிப்போக, இவருடைய மூச்சும் இரண்டு கொக்கிகளும் மட்டும் மாறி மாறிக் கேட்டன. ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். டக். டக்.

நின்றார். சத்தம் நிற்கவில்லை.

டக். டக். கீழேயிருந்து.

"யாருப்பா அது?"

சீரான சத்தம். ஒரு படிகூடத் தவறாமல், தடுமாறாமல். இவரைவிட வேகமாக. இத்தனை பயத்திலும் இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறுவதிலும் அவன்தான் கெட்டிக்காரன்.

அறுபதாவது தட்டு. வளையத்தைச் சொருகினார். நட்டு விரலில் வழுக்கியது. ஸ்பானரை வைத்து முறுக்கினார். இன்னொரு சுற்று. இன்னொன்று. அந்தத் தட்டில் கொக்கி மாட்ட வேறு இடம் கிடையாது. தன் கொக்கி இரண்டையும் அதிலேயே மாட்டினார்.

கீழே சத்தம் நின்றது.

பனி அசைந்தது. தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளை ஹெல்மெட். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உறை போட்ட கை மேலே வந்தது. நிதானமாக, விதிப்படி, முதல் கொக்கியை வளையத்தில் மாட்டியது.

டக்.

இரண்டாவதை இவர் இடுப்புப் பட்டையில்.

டக்.

"மாட்டிட்டேன் அத்தான். நல்லாப் பாத்துக்கங்க."

பிறகு அந்தக் கை தன் உறையைக் கழற்றியது. வெறும் விரல்களால், இப்போதுதான் முறுக்கிய நட்டை, அவசரமே இல்லாமல், சுற்றுச் சுற்றாகக் கழற்றத் தொடங்கியது.